மேனுஃபாக்சரிங் படிக்கிற பிள்ளைகள் ஒருக்கா ஃபைபர் போட் செய்ற இடத்துக்குப் போங்க

எக்ஸாம் கிட்ட வந்தா மேனுஃபாக்சரிங் ப்ராசஸை எல்லாரும் ஒரே மாதிரித்தான் படிக்கிறாங்க. காஸ்டிங், ஃபோர்ஜிங், மெஷினிங், வெல்டிங் எண்டு வரிசையாப் போட்டு கீழ நன்மை தீமை பாடமாக்கிறது. மொரட்டுவை, பேராதனை கம்பஸுக்குப் போற எங்கட திருகோணமலைப் பிள்ளைகளும் அப்பிடித்தான், எனக்கு மனசு கேக்குதில்ல, ஏனெண்டா அந்தப் பாடத்தில நல்லதொரு பங்கு திருக்கடலூர்க் கரையில ஃபைபர் போட் வடிவத்தில நிக்குது.

செய்ற இடத்தில நிண்டு பாருங்க. அச்சுக்குள்ள நல்லா மெழுகு தேய்ச்சு முதல்ல பூசுறது கலர் ஜெல்கோட் எண்ட மேல்பூச்சு, அதாவது வெளியில தெரியப்போற பக்கம்தான் முதல்ல உருவாகுது, மொத்தமே அரை மில்லிமீட்டர் அளவுதான். அது லேசா ஒட்டுற பதத்துக்கு வந்த பிறகு கண்ணாடி நார்ப் பாயான மேட்டை விரிச்சு, இறுகிக் கெட்டியாகிற திரவமான ரெசினை ஊத்தி பிரஷ்ஷால குத்திக் குத்தி நனைப்பாங்க, வெள்ளையா இருந்த மேட் கண்ணுக்கு முன்னாலேயே தெளிஞ்சு வரும். தெளியாம வெள்ளையா நிண்டா அங்க காத்து அடைபட்டிருக்கு, வரி விழுந்த ரோலரால உருட்டி உருட்டி வெளிய தள்ளோணும், விட்டா அலை அடிக்கிற இடத்தில அடுக்கு பிரிஞ்சிடும். டீலாமினேஷன் எண்டு நோட்ஸ்ல எழுதினது இதைத்தான்.

ரெசினை இறுக வைக்கிற ஹார்ட்னர் நூத்துக்கு ஒண்டு, ரெண்டு வீதம்தான், வெயில் கூடினா அதையும் குறைப்பாங்க. வாளி நிறையக் கலந்து வச்சா சூடு வெளியேற வழியில்லாம தானாச் சூடேறிப் புகைஞ்சு கட்டியாகிடும், அதே ரெசின் மெல்லிசாப் பரவிக் கிடந்தா அவ்வளவு சூடேறாது. எக்ஸோதெர்மிக் ரியாக்ஷனை, அதாவது சூட்டை வெளிவிடுற தாக்கத்தை, இதை விட நல்லா ஆரும் விளங்கப்படுத்த ஏலாது.

பிறகு உங்களுக்குள்ள கேளுங்க, ஏன் இதை இன்ஜெக்ஷன் மோல்டிங்ல, அதாவது உருக்கின பிளாஸ்டிக்கை அமுக்கி அச்சுக்குள்ள ஏத்துற முறையில, செய்யேல்ல? 20 அடி போட்டுக்கு உருக்கு அச்சு வெட்டினா கொஞ்சப் போட் வித்து அந்தக் காசை எடுக்கவே ஏலாது, கையால அடுக்கிறதுக்கு அமுக்கமும் வேணாம் சூளையும் வேணாம், ஃபைபர்லயே செய்த அச்சு காணும். அதுக்குப் பதிலா ஒரு பக்கம்தான் வழுவழுப்பா வரும், போட்டுக்கு உள்பக்கம் தடவிப் பாருங்க, சொரசொரப்பு கையில தெரியும்.

போறவங்க கவனம். ரெசின் கெதியா இறுகச் சேர்க்கிற கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் நேரா ஒண்டோட ஒண்டு சேர்க்கவே கூடாது, வெடிக்கும். கோபால்ட்டை ரெசின்ல நல்லாக் கலக்கின பிறகுதான் ஹார்ட்னர். ரெசின்ல இருந்து வாற ஸ்டைரீன் மணம் தலையிடி தரும், அதனால காத்து வாற பக்கமா நில்லுங்க.