குழாய் ஸ்பீக்கர் கேட்ட பங்க் அக்கா

பிப்ரவரி 5, வியாழன்

தெப்பத்துக்குக் கட்டிய மைக் செட்டைக் கழற்றி ஒயர் சுருட்டிவைக்க இன்றைக்குத்தான் நேரம் கிடைத்தது. மதியம் ஒரு போன். தொண்ணூறுகளில் பெங்களூரில் பங்க் என்கிற முரட்டு ராக் இசைக் குழு ஒன்றில் பேஸ் கிதார் வாசித்த அக்கா, நம்ம மதுரை செல்லூர்க்காரர், தன் வாழ்க்கைக் கதையை எழுதியிருக்கிறார். புத்தகம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. அதற்குள் சில அத்தியாயங்களைச் சொந்த ஊரில் வாசித்துக் காட்ட வருகிறார். ஞாயிறு சாயங்காலம், சிம்மக்கல்லில் ஒரு மாடி ஹால். சவுண்டு என் பொறுப்பு.

"தம்பி, குழாய் ஸ்பீக்கர் ஒண்ணு கிடைக்குமா?" என்று கேட்டார். திருவிழாவில் கட்டினால் இப்போது போலீஸ் அவிழ்க்கச் சொல்லிவிடும். ஹாலுக்குள்தானே, அடக்கமாக வைத்துக்கொள்ளலாம் என்றேன். அப்பா காலத்துக் குழாய் ஒன்று பரணில் கிடக்கிறது.

பிப்ரவரி 7, சனி

குழாயில் சத்தம் எழுப்பும் யூனிட் நன்றாகவே இருக்கிறது. ராத்திரி ரமோன்ஸ் கேட்டேன். நியூயார்க் பங்க் குழு. 1976ல் வந்த முதல் ஆல்பத்தில் 14 பாட்டு, மொத்தமும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது.

பிப்ரவரி 8, ஞாயிறு

சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறேன்.

கல்லூரிப் பிள்ளைகள், செல்லூரிலிருந்து வந்த சொந்தக்காரப் பெண்கள், முன்வரிசையில் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர். அக்காவுக்குப் பருத்திச் சேலை, காலில் கறுப்பு பூட்ஸ். கையில் கிளிப் போட்ட தாள் கட்டு. ஓரமெல்லாம் பச்சை மையில் அடித்தல் திருத்தல். வணக்கம் சொன்ன கையோடு வாசிக்க ஆரம்பித்துவிட்டார்.

முதல் பகுதி, தெருவில் நடந்த பங்குனிப் பொங்கல். வேப்பமரத்தில் குழாய் கட்டியிருக்கிறது. மைக் செட்காரர் சத்தத்தைக் கூட்டும் ஆம்பை முழுசாகத் திருகிவைத்ததில் பாட்டு கிழிந்து கிழிந்து வருகிறது. தெருவே காதைப் பொத்துகிறது. ஒரு சின்னப் பிள்ளை மட்டும் மரத்தடிக்குப் போய் நிற்கிறாள். அந்த இடம் வந்ததும் அக்கா குழாயோடு இணைத்திருந்த மைக்கை எடுத்துக்கொண்டு எனக்குக் கண்ணைக் காட்டினார். ஏற்றினேன். குரல் உடைந்தது.

எங்கள் தொழிலில் இது நடக்கவே கூடாது. ஆம்ப் தாங்கும் அளவுக்கு மேல் ஏற்றினால் ஒலி அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். மூலத்தில் இல்லாத கரகரப்பு அங்கேதான் பிறக்கிறது. அது வராமல் பார்த்துக்கொள்வதுதான் அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். பங்க் கிதாரில் அதையே வேண்டுமென்று வரவழைக்கிறார்கள். பெங்களூரில் ஹாஸ்டல் தோழியின் கேசட்டில் அக்கா அதை முதன்முதலாகக் கேட்டபோது, "இது எங்க தெரு சத்தம்ல!" என்று தோன்றியதாம். செல்லூர்ப் பெண்கள் விசிலே அடித்துவிட்டார்கள்.

அந்தக் கேசட்டில் பாடியவர் லண்டனின் பாலி ஸ்டைரீன். அப்பா சோமாலியர், அம்மா வெள்ளைக்காரர். 1976ல் எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் குழு தொடங்கியபோது அவருக்கு இருபது வயசுகூட ஆகவில்லை. பல்லில் கட்டிய கம்பியோடே மேடையேறிப் பாடினார். நிறம் கம்மி, எத்துப்பல் என்று பெண் பார்க்க வந்தவர்கள் தட்டிக்கழித்த அக்காவுக்கு, அப்படிப் பாடுகிற அவருடைய போட்டோ எவ்வளவு பெரிய தெம்பு! அவர்கள் மிச்சம் வைத்துப்போன மிக்சரைத் தின்றுகொண்டே, சமையல்கட்டுத் தரையில் உட்கார்ந்து தன் முதல் பாட்டை எழுதியிருக்கிறார்.

முடிந்ததும் வாத்தியார், "பங்க்னா என்னம்மா?" என்று கேட்டார். 1977ல் இங்கிலாந்தில் ரசிகர்கள் கையால் தயாரித்த ஒரு சிறு பத்திரிகையில் கிதாரில் சில சுரங்களைச் சேர்த்து மீட்டும் கார்டு (chord) மூன்றைப் படம் போட்டு, இவ்வளவுதான், போய்க் குழு ஆரம்பி என்று எழுதியிருந்ததை அக்கா சொன்னார். "எல்லாம் கத்துக்கிட்டு அப்புறமா வாயைத் தொறக்கலாம்னு காத்திருக்காதேன்னு அர்த்தம்ங்கய்யா."

ஒரு மாணவி, சாதிக்கு எதிராகப் பாடும் சென்னைக் குழுவான கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் பற்றிக் கேட்டாள். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் நடந்த அவர்களுடைய முதல் கச்சேரிக்கு அக்கா போயிருக்கிறார். கானாவும் ராக்கும் ராப்பும் ஒரே மேடையில் வந்ததைப் பார்த்து அழுதுவிட்டாராம்.

பிப்ரவரி 10, செவ்வாய்

ஞாயிறு வாசிப்பின் ஒலிப்பதிவு கேட்டு அக்கா போன் செய்தார். பேச்சுவாக்கில், ஒத்திகை அறை அத்தியாயத்தைப் பாதியாகச் சுருக்கச் சொல்கிறார்கள் பதிப்பகத்தில் என்றார். வாசகருக்கு அலுப்புத் தட்டுமாம்.

ஞாயிறன்று கடைசியாக வாசித்தது அதைத்தான். ஒர்க்‌ஷாப் மாடியில் வாடகை அறை. மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஆம்ப். ட்ரம் நகராமலிருக்க முட்டுக்கொடுத்த செங்கல். பியூஸ் போனால் கீழேயிருந்து ஏறிவந்து கம்பி கட்டிக்கொடுக்கும் மெக்கானிக் பையன். மேடையில் வாங்கிய கைதட்டலை யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஒரு சத்தம் எப்படி உருவாகிறது என்று, அதை உருவாக்கியவரே தமிழில் எழுதுவது எவ்வளவு அபூர்வம்! எத்தனை பறைக்காரர்கள், பேண்டு செட்காரர்கள், என் அப்பா மாதிரி மைக் செட்காரர்கள் ஒரு வரிகூட எழுதிவைக்காமல் போய்விட்டார்கள்.

"அக்கா, அதுல கை வைக்க விடாதீங்க" என்றேன்.

"நீங்க சொன்னதை எழுதிக் குடுங்க தம்பி, அவங்ககிட்ட காட்டுறேன்."

பதிவை மறுபடி ஓடவிட்டு, கூட்டம் எங்கே சிரித்தது, எங்கே கை தட்டியது என்று நிமிடக் கணக்கோடு குறித்துக்கொண்டிருக்கிறேன். அதிகம் விழுந்தது அந்த ஒத்திகை அறைக்குத்தான். நாளைக் காலையில் பதிவோடு இதையும் அனுப்ப வேண்டும்.