மோடத்தை அணைக்கும் முன்னால் விளக்கைப் பாருங்கள்

2025 ஜூலை 18, வெள்ளி

வீட்டு ஃபைபர் நெட் ஆனிக் கடைசியிலிருந்து மதியத்துக்கு மேல் விட்டு விட்டுத்தான் வருகிறது. சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு நான் கணக்குச் சொல்லித்தரும் நேரம் நமக்கு மாலை நாலரை, அவர்களுக்கு இரவு ஏழு. சரியாக அந்த நேரத்தில் போகிறது, இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக வருகிறது, மறுபடி போகிறது. சைன் மதிப்பு எப்படி வந்தது என்று கேட்டுவிட்டு ஒரு பிள்ளை காத்திருக்கும், இங்கே என் திரை உறைந்து நிற்கும். பணம் கட்டிப் படிக்கிற பிள்ளைகள், இதைச் சும்மா விட முடியாது.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டால் எடுத்ததும் "மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மேடம்" என்கிறார்கள். இனி அதைச் செய்வதாக இல்லை. அணைத்துப் போட்டால் எதனால் போனது என்கிற தடயமும் சேர்ந்து போய்விடும், பல பெட்டிகளில் உள்ளே இருக்கும் பதிவுகூட அழிந்துவிடும். அப்புறம் கொஞ்ச நேரம் ஓடும், அதற்குள் புகாரை மூடிவிடுவார்கள். நெட் போகிற அந்த நிமிடத்தில் எந்த விளக்கு எப்படி எரிகிறது என்று பார்த்து எழுதி வைப்பதுதான் முதல் வேலை.

பார்க்க வேண்டியது இவ்வளவுதான். பான் (PON) என்று எழுதிய விளக்கு பச்சையில் நிலையாக எரிந்தால் தெருவிலிருந்து ஒளி வந்து சேர்கிறது, அந்தப் பக்கத்து இயந்திரமும் நம் பெட்டியை அடையாளம் கண்டிருக்கிறது. எல்ஓஎஸ் (LOS) என்ற விளக்கு சிவப்பில் மினுங்கினால் ஒளி வரவில்லை, அல்லது போதவில்லை. பான் நன்றாக எரிந்து இன்டர்நெட் விளக்கு மட்டும் அணைந்தால் கண்ணாடி இழையில் குறை இல்லை, லாகினிலோ கம்பெனி பக்கத்திலோ சிக்கல். எல்லா விளக்கும் ஒழுங்காக எரிந்தும் போனில் நெட் இல்லையென்றால் வைஃபையைச் சந்தேகிக்கலாம். மொத்த விளக்கும் ஒருசேர அணைந்து திரும்ப எரிந்தால் கரண்ட் அல்லது அடாப்டர்.

பள்ளிக்கூட நோட்டு ஒன்றைப் பெட்டிக்குப் பக்கத்தில் பேனாவோடு கட்டிப் போட்டிருக்கிறேன்.

2025 ஜூலை 20, ஞாயிறு

வைஃபையை முதலில் கழித்துவிட வேண்டும். லேப்டாப்பை லேன் ஒயரில் நேராக மோடத்தோடு இணைத்து, பிங் போட, அதாவது ஒரு முகவரிக்குச் சின்னச் செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று விடாமல் பார்க்க, இரண்டு கருப்புத் திரைகளைத் திறந்து வைத்தேன். ஒன்றில் மோடத்தின் சொந்த முகவரி, பெரும்பாலான வீடுகளில் 192.168.1.1 என்று இருக்கும். இன்னொன்றில் 8.8.8.8, வெளியே இருக்கும் கூகுளின் முகவரி. நெட் போகும்போது இரண்டும் சேர்ந்து நின்றால் கோளாறு வீட்டுக்குள் இருக்கிறது. முதலாவது ஓடிக்கொண்டே இருந்து இரண்டாவது மட்டும் நின்றால் மோடத்தைத் தாண்டி வெளியே.

மதியம் மூன்று மணிக்கு மேல் இரண்டாவது மட்டும் நின்றது. எட்டிப் பார்த்தேன், எல்ஓஎஸ் சிவப்பு.

அடாப்டரையும் கழித்தாயிற்று. மோடத்தின் உள்பக்கத்தில், கடைசியாக ஆன் ஆனதிலிருந்து எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று ஒரு கணக்கு இருக்கும். நெட் போய் வந்த பிறகும் அது பூஜ்யத்துக்குத் திரும்பவில்லை, ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. கரண்ட் அறுந்திருந்தால் அப்படி இருக்காது.

2025 ஜூலை 22, செவ்வாய்

இன்று பிடித்ததுதான் உருப்படியான விஷயம்.

மோடத்தின் பக்கத்துக்குள் லாகின் செய்தால் ஆப்டிகல் என்றோ பான் ஸ்டேட்டஸ் என்றோ ஓர் இடம் இருக்கும், அங்கே ஆர்எக்ஸ் பவர் என்று மைனஸில் ஓர் எண் வரும். தெருவிலிருந்து நம் பெட்டிக்குள் வந்து விழும் ஒளியின் அளவு அது, டிபிஎம் என்ற டெசிபல் கணக்கில். மைனஸ் 20 என்பது மைனஸ் 27-ஐவிட நல்ல ஒளி, இதைப் பலர் தலைகீழாக எடுத்துக்கொள்கிறார்கள். 3 டெசிபல் குறைந்தால் ஒளி ஏறத்தாழ பாதி, 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. வீடுகளுக்கு வரும் ஜிபான் என்ற வகை ஃபைபர் இணைப்பில் பரவலாக இருக்கும் பி பிளஸ் என்ற தரத்துக்கு, வீட்டுப் பெட்டி வாங்கிக்கொள்ளக் கூடிய ஒளி மைனஸ் 8-லிருந்து மைனஸ் 27 வரை. அதற்கும் கீழே இறங்கினால் இணைப்பு நிலைக்கும் என்று சொல்ல முடியாது.

காலை ஆறு மணிக்கு, வேப்ப மரத்தில் இலை அசையாத நேரத்தில், மைனஸ் 24.1. காற்று எழுந்த பிறகு, மதியம் இரண்டு மணிக்கு 25.6. நாலு மணிக்குப் பக்கத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்துப் பார்த்தால் 26.3, 25.2, 27.4 என்று ஊசலாடியது, அப்புறம் சிவப்பு. இரவு ஒன்பதுக்கு மறுபடி 24.2.

கம்பெனி பக்கத்து இயந்திரமோ நடுவில் ஒளியைப் பிரித்துக்கொடுக்கும் ஸ்ப்ளிட்டரோ காற்றுக்கு ஆடாது. ஸ்ப்ளிட்டர் தின்னும் ஒளி பெரிது, முப்பத்திரண்டு வீட்டுக்குப் பிரிப்பது என்றால் 17 டெசிபல் அளவுக்கு அங்கேயே போய்விடும், ஆனால் அது காலையும் மாலையும் ஒன்றுதான். நேரத்துக்கு நேரம் மாறுகிறது என்றால் எங்கோ ஒயர் அசைகிறது, மடங்குகிறது, அல்லது ஒரு கனெக்டர் தளர்ந்திருக்கிறது.

எதிர்வீட்டுப் பெரியம்மா வீட்டுக்கும் அதே கம்பத்துப் பெட்டியிலிருந்துதான் லைன். போய்க் கேட்டேன். "எங்க வீட்ல நல்லாத்தான் ஓடுதுத்தா, பேரன் பூராவும் அதத்தான் பாத்துக்கிட்டிருக்கான்" என்றார்கள். அவர்கள் வீட்டு மோடத்தில் மைனஸ் 20.8, அடிக்கிற காற்றிலும். ஆகவே கம்பம் வரைக்கும் வரும் ஒளி நன்றாக இருக்கிறது. கம்பத்திலிருந்து என் வீட்டுக்கு வரும் இந்தக் கொஞ்ச தூரத்தில்தான் கோளாறு.

2025 ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை, வீட்டில் படையல். காலை பத்து மணிக்கே லைன்மேன் தம்பி வந்துவிட்டான். காற்று இன்னும் எழவில்லை. மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு "இருபத்து நாலு வருது, நல்லாத்தானக்கா இருக்கு" என்றான். நோட்டைக் காட்டினேன். பொறுமையாகத்தான் படித்தான், ஆனால் அன்றைக்கு அவன் பார்க்க வேண்டிய வீடுகள் நிறைய. சுவர்ப் பெட்டியிலிருந்து மோடத்துக்கு வரும் சின்ன ஒயரை மட்டும் மாற்றினான். இரண்டு முனையும் பச்சையா என்று பார்த்துக்கொண்டேன். பச்சை முனையின் கண்ணாடி எட்டு டிகிரி சாய்த்துத் தேய்த்தது, நீல முனை நேரானது, ஒன்றை இன்னொன்றில் செருகினால் உள்ளே இறங்கும், ஒளிதான் வீணாகும்.

அவன் தெருமுனை தாண்டுவதற்குள் செய்தி வந்தது, உங்கள் புகார் தீர்க்கப்பட்டது என்று. மூன்றரை மணிக்கு எல்ஓஎஸ் சிவப்பு.

எனக்குக் கோபம் அந்தத் தம்பி மேல் இல்லை. கோளாறு வருகிற நேரத்தை விட்டுவிட்டு வராத நேரத்தில் ஆளை அனுப்பி, அதைத் தீர்வு என்று கணக்கில் ஏற்றிக்கொள்ளும் முறை மேல்தான். புகார் கொடுத்தால் ஒரு டாக்கெட் எண் தர வேண்டும், தீர்வில் திருப்தி இல்லையென்றால் அந்தக் கம்பெனியிலேயே இருக்கும் மேல்முறையீட்டு அதிகாரிக்கு 30 நாளுக்குள் எழுதலாம், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012-இல் கொண்டுவந்த விதிமுறையில் இது இருக்கிறது. கட்டணமும் கிடையாது. எண்ணைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், செய்திகளை அழிக்கக் கூடாது.

புதிய புகார் பதிந்தேன். "நெட் வரவில்லை" என்று எழுதவில்லை. "மதியம் 2 முதல் 6 வரை ஆர்எக்ஸ் பவர் மைனஸ் 24-லிருந்து 27-க்குக் கீழ் இறங்கி எல்ஓஎஸ் வருகிறது, அதே கம்பத்துப் பெட்டியிலுள்ள எதிர்வீட்டில் மைனஸ் 20.8, கம்பத்திலிருந்து வீடு வரை வரும் ஒயரைச் சோதிக்க வேண்டும், மதியம் மூன்று மணிக்கு மேல் வரவும்" என்று எழுதி, படங்களையும் இணைத்தேன்.

2025 ஜூலை 28, திங்கள்

இன்னும் யாரும் வரவில்லை. சாயந்திரம் மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்தேன். கறுப்பு ஒயர் கம்பத்திலிருந்து புறப்பட்டு, பக்கத்து வீட்டு வேப்ப மரத்தின் ஒரு கிளைக்குள் நுழைந்து, எங்கள் கைப்பிடிச் சுவரில் இருக்கும் இரும்புக் கொக்கியைச் சுற்றிக் கீழே இறங்குகிறது. அந்தக் கொக்கியில் பிளாஸ்டிக் டையால் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். காற்று வந்து கிளை ஒயரைத் தள்ளும்போதெல்லாம் கொக்கியில் வெடுக்கென்று ஓர் இழுப்பு, விட்டதும் தளர்கிறது. கொக்கி பட்ட இடத்தில் மேலுறை தேய்ந்து பளபளவென்று இருந்தது.

கண்ணாடி இழைக்கு வளைவு ஆகாது. வளைவுக்கென்றே செய்த ஜி.657 என்ற இழை வகையிலும் அதன் ஏ1 ரகத்துக்கு 10 மில்லிமீட்டர், ஏ2-க்கு 7.5 மில்லிமீட்டர் ஆரம் என்று எல்லை உண்டு, அதற்கும் சிறிதாக மடக்கினால் ஒளி இழையை விட்டு வெளியே கசியும். அலைநீளம் கூடக் கூடக் கசிவும் கூடும். வீட்டுக்கு வரும் ஒளி 1490 நானோமீட்டர், வீட்டிலிருந்து போவது 1310, அதனால் வரும் ஒளிதான் வளைவில் அதிகம் அடி வாங்கும்.

கையை வைக்கவில்லை. கிளைக்கு அந்தப் பக்கம் மின்வாரிய ஒயர் போகிறது. இதைப் படிக்கிறவர்களும் தயவுசெய்து கம்பத்துப் பக்கமோ மரத்துப் பக்கமோ ஒயரை இழுத்துப் பார்க்க வேண்டாம். கழன்ற இழை முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்கவும் வேண்டாம், அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, தெரியாததாலேயே அபாயம்.

வீடியோ எடுத்து அதையும் அனுப்பிவிட்டேன்.

2025 ஆகஸ்ட் 1, வெள்ளி

வந்தார்கள், மூன்றரை மணிக்கு, நல்ல காற்றில். அதே தம்பியும் கூட ஒரு மூத்தவரும்.

மூத்தவர் முதலில் கம்பத்தில் ஏறிப் பெட்டியைத் திறந்து மீட்டரை வைத்தார், மைனஸ் 20.4. வீட்டுச் சுவரில் வைத்தால் 26-க்கும் 27-க்கும் நடுவே ஆடுகிறது. "அண்ணே, இந்தத் துண்டுலதாண்ணே" என்றான் தம்பி. அப்புறம் சட்டைப் பையிலிருந்து பேனா மாதிரி ஒன்றை எடுத்து ஒயர் முனையில் செருகினான். கண்ணுக்குத் தெரியும் சிவப்பு லேசர், 650 நானோமீட்டர். மாடிக்குப் போய்ப் பார்த்தோம். கொக்கியில் மேலுறை வெடித்திருந்த இடத்தில், வெயிலுக்குக் கையை மறைத்துப் பிடித்ததும், மிளகளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி. கிளை அசைந்ததும் பிரகாசமானது, விட்டதும் மங்கியது. மோடம் பக்கத்தில் நான் நாள் முழுக்கப் பார்த்த எண்கள் இந்த ஒரு புள்ளியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்திருக்கின்றன.

அந்த இடத்தில் வெட்டி இரண்டு கனெக்டர் போட்டு இணைத்துவிடலாம் என்று தம்பி சொன்னான். நான் சம்மதிக்கவில்லை. மெஷினில் உருக்கி ஒட்டினால் ஓர் ஒட்டில் 0.1 டெசிபல் அளவுக்குத்தான் போகும், கையால் மாட்டும் ஃபாஸ்ட் கனெக்டரில் அதைவிடப் பல மடங்கு போகலாம், அதுவும் வெயிலிலும் மழையிலும் மாடிச் சுவரில் கிடந்தால் அடுத்த ஐப்பசிக்கே மறுபடி அவர்களைக் கூப்பிட வேண்டியிருக்கும். முழு ஒயரையும் மாற்றச் சொன்னேன். மூத்தவர் யோசித்துவிட்டுச் சரி என்றார், வண்டியில் சுருள் இருந்தது.

புது ஒயர் மரத்துக்குள் போகவில்லை, தெருவின் ஓரமாகச் சுற்றி முன்வாசல் பக்கமாக வருகிறது. கொக்கிக்குப் பதிலாக அகலமான கிளாம்பு. சுவருக்குள் நுழையும் துளைக்கு முன்னால் ஒயரைக் கீழே தொங்கவிட்டு மேலேற்றியிருக்கிறார்கள், மழைத் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், உள்ளே வராது.

கனெக்டர் போடும் வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மேலுறையை உரித்து, ஸ்பிரிட் நனைத்த தாளால் இழையைத் துடைத்தான், துடைக்கும்போது கீச்சென்று ஒரு சத்தம். இழையை நறுக்கும் கிளீவரில் வைத்து அழுத்தியதும் தலைமுடியைவிடப் பெரிதில்லாத ஒரு கண்ணாடித் துண்டு திண்ணையில் விழுந்தது. எல்லாத் துண்டையும் செல்லோடேப்பில் ஒட்டி எடுக்கச் சொன்னேன், வெறுங்காலில் ஏறினால் எடுக்கவே முடியாது, பிள்ளைகள் புழங்குகிற இடம்.

முடித்ததும் மைனஸ் 20.9. அந்த எண்ணைப் புகார் படிவத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டேன்.

2025 ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. காற்று குறையவில்லை, பக்கத்து வீட்டுத் தகர ஷீட் படபடக்கிறது. மோடம் 20.9, 20.9, 21.0. எல்ஓஎஸ் எரியவே இல்லை.

இரவு பதினொன்றுக்கு மேல் ஒரே ஒரு தடவை நெட் நின்றது. பார்த்தால் பான் பச்சையில் நிலையாக இருக்கிறது, ஒளி 20.9, இன்டர்நெட் விளக்கு மட்டும் இல்லை. ஒரு நிமிடத்தில் வந்தது, கம்பெனி நம் இணைப்புக்குத் தரும் வெளி முகவரி மாறியிருந்தது. லாகின் அறுந்து மறுபடி கட்டிக்கொண்டிருக்கிறது. இது கம்பெனி பக்கத்து வேலை, இதற்கு லைன்மேன் தம்பியைக் கம்பத்தில் ஏற்றுவது நியாயம் இல்லை. நோட்டில் தனிப் பக்கம் போட்டுவிட்டேன். தொடர்ந்து வந்தால் நேரத்தையும், பான் விளக்கு எரிந்துகொண்டிருந்ததையும் எழுதி இதற்கென்று தனிப் புகார் கொடுப்பேன். நெட் ஒழுங்காக வராத நாட்களுக்கு வாடகையைக் கழிக்கச் சொல்லி மின்னஞ்சல் போயிருக்கிறது, பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.