கறுவாத்தோட்டத்தில் ஓவியம் பார்க்க

கொழும்புக்கு யார் வந்தாலும் நாங்கள் காட்டுகிற இடங்கள் மாறுவதே இல்லை. காலிமுகத்திடல், கங்காராமை, புறக்கோட்டையில் உடுப்புக் கடைகள், கடைசியில் வெள்ளவத்தையில் ஒரு தோசை. ஓவியம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனோம் என்று எங்கள் ஆட்கள் சொல்லி நான் கேட்டதே குறைவு. இந்த நகரத்தில் பார்ப்பதற்கு எவ்வளவு இருக்கிறது, அதுவும் பெரும்பாலும் கறுவாத்தோட்டம் என்கிற கொழும்பு 7 பக்கத்தில் ஒன்றுக்கொன்று நடை தூரத்தில் இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கும்.

அக்கா மகள் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து எங்களோடு நின்றாள். உயர்தரத்துக்குச் சித்திரமும் ஒரு பாடம். 43 குழு என்ற ஓவியர் கூட்டம் எப்போது தொடங்கியது, யார் யார் உறுப்பினர், கோதமி விகாரையில் ஓவியர் ஜோர்ஜ் கீற் எந்த ஆண்டு வரைந்தார் என்று நித்திரையில் தட்டிக் கேட்டாலும் சொல்லுவாள். ஆனால் அந்தப் படங்களில் ஒன்றைக்கூட நேரில் கண்டதில்லை, புத்தகத்தில் தீப்பெட்டி அளவுக்கு அச்சடித்து வைத்திருப்பதைத்தான் கண்டிருக்கிறாள். "சித்தி, இதெல்லாம் இப்பவும் இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது, நாளைக்கே போவோம் என்று சொல்லிவிட்டேன்.

காலையில் முதலில் பொரளைக்கு, கோதமி விகாரைக்குப் போனோம். வெயில் ஏறுமுன் போவது நல்லது, ஏனென்றால் அந்த நேரம் விகாரையில் ஆட்கள் குறைவு, நின்று பார்க்கலாம். கோயிலுக்குப் போவதுபோலவே உடுத்திக்கொண்டு போங்கள், செருப்பு வெளியே, புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்கக் கூடாது. கீற் 1939, 1940 ஆண்டுகளில் இந்தச் சுவர்களில் புத்தரின் வாழ்க்கையை வரைந்தார். அவர் பறங்கியர் குடும்பத்துப் பிள்ளை, கண்டியில் வளர்ந்தவர், கண்ணன், ராதை காதலைப் பாடுகிற கீதகோவிந்தத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். சுவரில் இருக்கிற உருவங்களைப் பார்த்தால் அது எல்லாம் புரியும். கோடுதான் முதலில் கண்ணுக்குத் தெரியும், நிறம் பிறகுதான். தோளில் தொடங்குகிற ஒரு கோடு எங்கும் தயங்காமல் இடுப்பு, தொடை என்று இறங்கி அடுத்த உருவத்துக்குள் போய்விடுகிறது. தவத்தைக் கலைக்க வந்த மாரனின் படை புத்தரைச் சூழ்கிற இடத்தில் அக்கா மகள் நெடுநேரம் நின்றாள். இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நினைக்கவில்லை என்றாள். அதுதான் விஷயம். சுவரில் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிற ஓவியத்தை அண்ணாந்து பார்ப்பதும் புத்தக மூலையில் பார்ப்பதும் ஒன்றே அல்ல, கழுத்து நோகும்போதுதான் வரைந்தவரின் கை எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று தெரியவரும்.

அங்கிருந்து ஓட்டோவில் பார்ன்ஸ் பிளேஸ். சபுமல் பவுண்டேஷன் இந்த வீதியில் ஓர் ஒழுங்கைக்குள் இருக்கிறது. வெளியே இருந்து பார்த்தால் ஓட்டுக்கூரை போட்ட பழைய வீடு, மரங்கள், அவ்வளவுதான். ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு இது. லண்டனிலும் பாரிசிலும் படித்து, சாந்திநிகேதனிலும் இருந்துவிட்டு வந்த ஓவியர், ஆட்களின் முகங்களை வரைவதில் கெட்டிக்காரர். 1974இல் இந்த அமைப்பைத் தொடங்கி, தன்னுடைய வீட்டையும் சேர்த்துவைத்த ஓவியங்களையும் பொதுமக்களுக்காக விட்டுவிட்டுப் போனார். எனக்குக் கொழும்பில் மிகவும் பிடித்த இடம் எது என்று கேட்டால் கடலைச் சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன்.

43 குழு என்றால் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1943 ஆகஸ்டில் லயனல் வென்ட் என்ற புகைப்படக் கலைஞரின் வீட்டில் சில ஓவியர்கள் கூடினார்கள். அந்தக் காலத்தில் இங்கே ஓவியம் என்றால் இங்கிலாந்துப் பள்ளி முறையில், உள்ளதை உள்ளபடி, அச்சொட்டாக வரைவது. இவர்களுக்கு அது போதவில்லை. கீற், ஹரி பீரிஸ், ஜஸ்டின் தெரணியகல, ஐவன் பீரிஸ், ஜோர்ஜ் கிளாசன், ரிச்சர்ட் கேப்ரியல், பிக்குவாக இருந்து ஊர் ஊராக விகாரைச் சுவரோவியங்களைப் படியெடுத்த மஞ்சுசிறி, பத்திரிகைகளில் கேலிச்சித்திரம் போட்ட ஓப்ரி கொலெட் என்று ஒருவர் மாதிரி ஒருவர் இல்லாத கூட்டம். இந்தக் கூட்டத்தில் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த எஸ். ஆர். கனகசபையும் இருந்தார். யாழ்ப்பாணத்தில் வின்சர் ஆர்ட் கிளப் என்ற ஓவியக் கழகத்தை 1938இல் தொடங்கி எத்தனையோ சித்திர ஆசிரியர்களுக்கு வழி காட்டியவர். எங்கள் பிள்ளைக்கு அந்தப் பெயர் மட்டும் தெரிந்திருந்தது. உனக்குப் படிப்பிக்கிற ரீச்சருக்குப் படிப்பித்தவருக்கு யார் படிப்பித்தார் என்று கேட்டுக்கொண்டே போனால் ஏதோ ஓரிடத்தில் இவரிடம் வந்து நிற்கலாம் என்று சொன்னேன். அவள் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

உள்ளே அறை அறையாகப் படங்கள். பெரிய கூடங்களில் வெள்ளைச் சுவரில் ஒன்றுக்கொன்று தூரமாக மாட்டியிருப்பதைப் போல இல்லை. கதவுக்கு மேலே ஒன்று, அலுமாரிக்குப் பக்கத்தில் ஒன்று, ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழுகிற மூலையில் ஒன்று. காட்டிக்கொண்டு வந்த பெரியவர் சிங்களத்தில் சொல்ல, நான் அவளுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். அவசரப்படுத்தவே இல்லை. கதிரையில் இருந்து பார்க்கலாமா என்று கேட்டதற்கு, அதற்குத்தானே கதிரை போட்டிருக்கிறது என்றார்.

தெரணியகலவின் படங்களுக்கு முன்னால் கட்டாயம் நேரம் எடுங்கள். முதலில் பார்த்தால் பிடிக்காமல் போகலாம். முகங்கள் கோணி, உடம்பு பெருத்து, நிறம் தடித்துப் பூசியிருக்கும். ஐந்து அடி பின்னால் வந்து பாருங்கள், அந்தத் தடிப்பான பூச்சுக்குள்ளிருந்து தாயும் பிள்ளையும் எழும்பி வருவார்கள். 1956இல் வெனிஸ் பினாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் பரிசு வாங்கியவர் அவர். எனக்கு ஆனால் ஐவன் பீரிஸ்தான். தெஹிவளைக் கடற்கரையில் வளர்ந்தவர், சினிமா இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் தம்பி. வாழ்க்கையின் பெரும்பகுதியை இங்கிலாந்தில் கழித்தார், அங்கே இருந்துகொண்டும் திரும்பத் திரும்ப இந்தக் கடற்கரையைத்தான் வரைந்தார். மரம், மணல், எங்கோ பார்த்துக்கொண்டு நிற்கிற ஆட்கள். வெளிநாட்டில் சொந்தக்காரர் இல்லாத வீடு எங்களுக்குள் ஏது? அவருடைய படத்தை எங்கள் ஆட்கள் ஒருவரும் விளக்கம் சொல்லித்தான் புரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை.

சபுமலுக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். நாள் முழுவதும் திறந்திருக்கிற இடம் அல்ல அது, முதலில் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு காலையில் போங்கள்.

அப்புறம் நடந்தே ஆனந்த குமாரசுவாமி மாவத்தைக்கு வந்தோம். பழைய பெயர் கிறீன் பாத், இன்னும் ஓட்டோக்காரர்களுக்கு அதுதான் சுலபமாக விளங்கும். மரநிழலில் வேலியோரம் ஓவியங்களைச் சாய்த்து வைத்துக்கொண்டு வரைந்தவர்களே இருப்பார்கள். யானை, தேயிலைத் தோட்டம், கடலில் நட்ட கம்பில் இருந்து மீன் பிடிக்கிறவர் என்று சுற்றுலாப் பயணிகளுக்கான படங்கள்தான் அதிகம், ஆனால் நடுவில் நல்ல கைகளும் உண்டு. பேசுங்கள், கேளுங்கள், எப்படி வரைந்தது என்று கேட்டால் மகிழ்ச்சியாகச் சொல்வார்கள். எங்கள் பிள்ளை ஒருவரிடம் தூரிகை பற்றிக் கேட்கப்போய் அரை மணித்தியாலம் அங்கேயே நின்றுவிட்டாள். இதே வீதியில்தான் ஆண்டுக்கு ஒருமுறை கலா பொல என்ற திறந்தவெளி ஓவியச் சந்தை நடக்கிறது. ஜோர்ஜ் கீற் பவுண்டேஷன் அதை 1993இல் தொடங்கிவைத்தது, வழக்கமாக ஆண்டின் தொடக்க மாதங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தேசிய கலாபவனமும் இந்த வீதியில்தான், தாமரைத் தடாகம் அரங்கும் இங்கேதான்.

வீதிக்குப் பெயர் வைத்திருக்கிறார்களே, அவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆனந்த குமாரசுவாமி சேர் முத்து குமாரசுவாமியின் மகன், தாய் ஆங்கிலேயர். இந்த நாட்டின் கைவினைக் கலைகளைப் பற்றி 1908இலேயே பெரிய நூல் எழுதியவர், பிறகு பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பல ஆண்டுகள் இருந்து இந்தியக் கலையை மேற்குலகுக்கு விளங்கவைத்தவர். அவர் பிறந்தது 1877இல். வீதியில் இருந்து கொஞ்சம் நடந்தால் வருகிற தேசிய அருங்காட்சியகம் மக்களுக்குத் திறந்ததும் அதே 1877இல், ஜனவரி 1ஆம் திகதி.

அருங்காட்சியகத்தை எல்லாரும் பாடசாலைச் சுற்றுலாவில் பார்த்திருப்பீர்கள், அதனால் நீட்டவில்லை. இரண்டு விஷயங்களுக்காக மட்டும் மறுபடி போங்கள். ஒன்று, பொலன்னறுவைச் சிவாலயங்களில் கிடைத்த வெண்கலங்கள். நடராசரைப் பார்த்துவிட்டு ஓடிவிடாதீர்கள், சுந்தரமூர்த்தி நாயனாரின் முகத்தையும் பாருங்கள். இரண்டாவது, காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்தது, 1409ஆம் ஆண்டுத் திகதி போட்டது, சீனத்திலும் தமிழிலும் பாரசீகத்திலும் எழுதியது. தமிழ்ப் பகுதி தெய்வேந்திரமுனைக் கோயில் தெய்வமான தெனவரை நாயனாருக்குக் கொடுத்த காணிக்கைகளைச் சொல்கிறது. 1911இல் கண்டெடுத்தபோது அது ஒரு மதகின் மேல் மூடியாகக் கிடந்ததாம். எழுத்து தேய்ந்திருக்கிறது, ஆனாலும் அது எங்கள் எழுத்து என்று தெரிந்துகொண்டு அதன் முன்னால் நிற்கும்போது உடம்பு சிலிர்க்கும். கட்டடத்தைக் கட்டிய வாப்பிச்சி மரைக்காரைப் பற்றியும் ஒரு கதை சொல்வார்கள்: திறப்பு விழாவில் என்ன வேண்டும் என்று ஆளுநர் கேட்க, தனக்கு ஒன்றும் வேண்டாம், வெள்ளிக்கிழமைகளில் மூடிவைத்தால் போதும் என்றாராம்.

பக்கத்திலேயே கில்ஃபோர்ட் கிரெசன்டில் லயனல் வென்ட் அரங்கு. அவருடைய வீடு இருந்த இடத்திலேயே கட்டி 1953இல் திறந்தது. நாடகம் பார்க்க வருகிறவர்கள் அங்கே ஓவியக்கூடமும் இருக்கிறது என்பதைக் கவனிப்பதில்லை. இளம் ஓவியர்களின் கண்காட்சி ஏதாவது நடந்தால் சும்மா உள்ளே போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள்.

பின்னேரம் கொள்ளுப்பிட்டிக்கு வந்தோம், க்ரெஸ்கட் கடைத்தொகுதிக்குள் இருக்கிற நவீன, சமகாலக் கலைக்கான அருங்காட்சியகத்துக்கு. இது 2019 டிசம்பரில்தான் தொடங்கியது, இடம் மாறி இங்கே வந்தது. நுழைவுக் கட்டணம் இல்லை. எனக்கு மிகவும் சந்தோசம் தருவது, ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் குறிப்பு இருப்பது. ஓடிப்போய் ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டத் தேவையில்லை. முதல் கண்காட்சிக்கு வைத்த பெயரே எங்கள் கவிஞர் சேரனின் கவிதை வரி ஒன்றில் இருந்து எடுத்தது. போரையும் இடப்பெயர்வையும் பற்றிய படைப்புகளை அங்கே பார்க்கும்போது, இதைச் சொல்லவும் இந்த நகரத்தில் ஒரு சுவர் இருக்கிறதே என்று நெஞ்சு நிறைந்தது. காட்சிகள் மாறிக்கொண்டே இருக்கும், ஆகவே ஒருமுறை போனதோடு விடாதீர்கள். நின்று விளக்கம் சொல்லுகிற பிள்ளைகளிடம் தமிழில் கேட்டுப் பாருங்கள், அன்று எங்களுக்குக் கிடைத்தவர் தமிழிலேயே பொறுமையாகச் சொன்னார். அக்கா மகளும் அவரும் கதைத்து முடிக்கும்வரை நான் வெளியே வாங்கில் இருந்து காலுக்கு ஓய்வு கொடுத்தேன். பிறகு காலிமுகத்திடலுக்கு நடந்துபோய் இறால் வடை சாப்பிட்டோம்.

யாழ்ப்பாணத்தில் இருந்தோ மட்டக்களப்பில் இருந்தோ சித்திரம் படிக்கிற பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வர நினைக்கிற ஆசிரியர்களுக்கு: சபுமல் வீட்டு அறைகள் சிறியவை, முழு வகுப்பும் ஒரே நேரத்தில் போக முடியாது. முன்கூட்டியே கதைத்து, பத்துப் பத்துப் பேராகப் பிரித்து, மற்றவர்களைக் கோதமி விகாரைக்கு அனுப்பி மாற்றி மாற்றிப் பார்க்க விடுங்கள். பென்சிலும் கொப்பியும் கொண்டுவரச் சொல்லுங்கள், பார்த்து வரைய விரும்பினால் முதலில் அனுமதி கேளுங்கள். ஒரே நாளில் எல்லா இடமும் வேண்டாம். நாங்கள் ஓடித்தான் முடித்தோம். பிள்ளைகளுக்கு என்றால் முதல் நாள் அந்த இரண்டு இடமும் போதும், அடுத்த நாள் அருங்காட்சியகத்தையும் க்ரெஸ்கட்டையும் வைத்துக்கொள்ளலாம்.