பீப்... பீப்... பீப்

அப்பாவின் டெஸ்க்டாப் 2011இல் வாங்கியது. ஒரு வாரமாக ஒரே அடம். பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும், உள்ளிருந்து பீப் சத்தம் மட்டும் வரும். கடைக்காரர் திறந்துகூடப் பார்க்காமல் "போர்டு போச்சு சார்" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

வயரைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றினால் உள்ளே அரைக்கிலோ தூசி. இரண்டு 2 ஜிபி டிடிஆர்3 வகை ரேம் (நினைவகப் பட்டை). தங்க நிறப் பற்களில் லேசாகக் கறுப்பு படிந்திருந்தது. மகளின் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு, ஒன்றை மட்டும் 'டக்' என்று கேட்கும்வரை அழுத்திப் பொருத்தினேன். ஓடிவிட்டது!

இரண்டாவதைத் தனியாகப் போட்டால் பத்தே நிமிடத்தில் நீலத்திரையில் பிழை காட்டி நின்றுவிடுகிறது. ஸ்லாட் மாற்றிப் போட்டும் அதே கதை. சரி, ஸ்லாட் மேல் குற்றமில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி இரவு முழுக்க ஓடவிட்டேன். காலையில் பார்த்தால் பிழைகள் வரிசை வரிசையாக. அந்த ரேம்தான் போச்சு.

யாரிடமாவது டிடிஆர்3 ரேம் சும்மா கிடக்கிறதா? லேப்டாப் ரேம் வேண்டாம், நீளம் குறைவு. டிடிஆர்4உம் வேண்டாம், அதன் வெட்டு வேறு இடத்தில் இருக்கும், உட்காராது. அப்பா இப்போதைக்கு 2 ஜிபியில் சீட்டாடிக்கொண்டிருக்கிறார்.