ஆல்கோ இன்ஜின் பிரியர்களுக்கு ஒரு ஊர்

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஸ்க்ராண்டன் என்றொரு பழைய நிலக்கரி நகரம். அங்கிருந்து ஓடும் டெலவேர்-லாக்கவானா என்ற சின்ன சரக்கு ரயில் நிறுவனத்தின் மேல் எனக்குத் தனிப் பாசம். காரணம், அவர்களுடைய இன்ஜின்கள் பெரும்பாலும் ஆல்கோ என்ற பழைய அமெரிக்க நிறுவனம் செய்த டீசல் இன்ஜின்கள். நம்ம ஈரோடு ஷெட்டில் நின்ற டபிள்யூடிஎம்-2 டீசல் இன்ஜின் இருக்கிறதே, அதற்கு உறவுக்காரர்கள். நியூயார்க் மாநிலத்து ஸ்கெனெக்டடியில் இருந்த ஆல்கோ தொழிற்சாலை 1969-இல் மூடப்பட்டுவிட்டது. இவர்கள் இன்னும் அந்த வண்டிகளுக்கு உதிரிபாகம் தேடிப்பிடித்து ஓட்டுகிறார்கள்.

பாதை எளிமையானதுதான். வடக்கே ஒரு கிளை கார்பண்டேல் வரை. தென்கிழக்கே போக்கோனோ மலை ஏறி இறங்கி, டெலவேர் ஆற்றங்கரை வரை சுமார் 100 கிலோமீட்டர். மவுண்ட் போக்கோனோ அருகே உள்ள மாவு மில்லுக்குக் கோதுமை போகிறது. கான்ரெயில் என்ற பெரிய ரயில் நிறுவனம் கைவிட்ட இந்தப் பாதையை உள்ளூர் கவுண்டிகள் (நம்ம மாவட்டம் மாதிரி) வாங்கிக் காப்பாற்றின; 1993 முதல் இந்த நிறுவனம் ஓட்டுகிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், நியூ ஜெர்சியில், இதே தடத்தின் தண்டவாளத்தை 1984-இல் பெயர்த்தே எடுத்துவிட்டார்கள். நினைத்தாலே வயிறு எரிகிறது.

மலையேற்றத்தில் டிரைவர் நாட்ச் (வேகப்பிடியின் படி) கூட்டியதும் புகைபோக்கியில் கரும்புகை குபுகுபுவெனக் கிளம்பும். டீசல் உடனே பாய்ந்துவிடும், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ சுற்று எடுக்கச் சில நொடி ஆகும், அதனால்தான். அப்புறம் அந்தச் சத்தம்! ஈரோட்டுக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

அந்தப் பக்கம் இருக்கும் நண்பர்கள் ஒரு வார நாளில் போய்ப் பாருங்கள். வீடியோ எடுத்தால் கண்டிப்பாக எனக்கும் அனுப்புங்கள்.