இடப்பக்கம் ஏழு

ஆலிவ் ரிட்லி கடலாமைக்குப் பங்குனி ஆமை என்று பெயர்தான். அது பங்குனி வரைக்கும் எங்கே காத்திருக்கிறது? தை பிறந்ததுமே கரையேற ஆரம்பித்துவிடும். நாகையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சனிக்கிழமை கடையைச் சாத்திவிட்டு, சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணசந்து, நடுராத்திரிக்கு மேல் சாமந்தான்பேட்டையிலிருந்து நாகூர் பக்கமாகக் கரையோரம் ஆமைக் கணக்கெடுக்கும் குழுவோடு நடப்பது நாலு வருஷப் பழக்கம். "பகல்ல மனுஷனுக்கு ஆதார், ராத்திரில ஆமைக்கு ஆதாரா?" என்பாள் வீட்டுக்காரி.

டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டியிருப்போம். அதையும் பெரும்பாலும் அணைத்தே வைத்திருப்போம். நிலா இருந்தால் தடம் தானாகத் தெரியும். டிராக்டர் டயர் போன மாதிரி, இரண்டரை அடி அகலத்தில், இடது துடுப்பும் வலது துடுப்பும் மாறி மாறிப் பதிந்த தடம். பேராமை என்கிற இன்னொரு கடலாமையின் தடம் இதைவிட அகலம், இரண்டு துடுப்பும் சேர்ந்தே விழும். ஏறிய தடம் ஒன்று, இறங்கிய தடம் ஒன்று என்று இரண்டு இருந்தால் ஆமை போய்விட்டது. ஒன்றுதான் இருக்கிறதென்றால் மேலே எங்கோ இருக்கிறது. அப்போது உட்கார்ந்துவிட வேண்டும், பேச்சு மூச்சு கூடாது.

முட்டையிட்டு மண்ணை மூடியதும் அது செய்யும் வேலை ஒன்றுக்காகவே இத்தனை தூக்கம் கெடலாம். உடம்பை இப்படியும் அப்படியும் சாய்த்து, அடிவயிற்று ஓட்டால் மண்ணைத் தொம் தொம் என்று இடிக்கும். களிமண் தரையைக் கட்டையால் தட்டிக் கெட்டிப்படுத்துவோமே, அதே சத்தம். பத்தடி தள்ளி உட்கார்ந்தாலும் தொடையில் அதிரும். ஒரு குழிக்குச் சுமார் நூறு முட்டை, பிங்பாங் பந்து அளவில். நாயும் நரியும் தோண்டாமல் இருக்க வனத்துறை ஆட்கள் பொரிப்பகத்துக்கு எடுத்துப் போவார்கள். குஞ்சு வெளியே வர 45 முதல் 60 நாள். மணலின் சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண்.

செத்து ஒதுங்குவதையும் நோட்டில் எழுத வேண்டும். டேப்பை ஓட்டின் வளைவோடு படியவிட்டு அளக்கிறோம், வாலைப் பார்க்கிறோம் (வளர்ந்த ஆணுக்கு வால் ஓட்டைத் தாண்டி நீளமாக நிற்கும்), பிறகு முதுகில் பெயின்ட்டால் ஒரு பெருக்கல் குறி. அடுத்த நாள் வருகிறவர் அதையே திரும்ப எண்ணிவிடக் கூடாதே. ஆமைக்கு நுரையீரல்தான். இழுவலையில் சிக்கி மேலே வர முடியாவிட்டால் மூச்சடைத்துச் சாகும். ஐந்து கடல் மைலுக்குள் இழுவைப் படகு வரக் கூடாது என்பது சட்டம். 2025 ஜனவரியில் சென்னைப் பக்கம் மட்டும் ஆயிரத்துக்கு மேல் செத்து ஒதுங்கின. சட்டத்தைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது.

ஹொனலுலுவில் இருக்கும் அக்கா மகனிடம் இதையெல்லாம் புலம்பினேன். அங்கே மங்க் சீல் என்று ஒரு கடல்நாய் இனம், உலகத்திலேயே மொத்தம் சுமார் 1,600தான் மிச்சமாம். கரையில் படுத்துத் தூங்கினால் தொண்டர்கள் சுற்றிக் கயிறு கட்டிக் காவல் நிற்பார்களாம். பின் துடுப்பில் மாட்டிய எண் வில்லையையும் உடம்புத் தழும்பையும் வைத்து இன்ன ஆள் என்று சொல்லிவிடுவார்களாம். "நீங்களும் தழும்பைப் பாருங்க மாமா" என்றான்.

பார்த்தேன். மாசியில் ஒரு ராத்திரி கரையேறிய ஆமைக்கு ஓட்டின் வலப்பக்கப் பின்விளிம்பில் பிறை மாதிரி ஒரு வெட்டு. முட்டையிட்டுத் திரும்பும்போது ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுத்தேன். பதினெட்டு நாள் கழித்து, அதே இடத்துக்குக் கொஞ்சம் வடக்கே, அதே பிறை! ஒரே பருவத்தில் இரண்டாம் தடவை முட்டையிட வருவது உண்டுதான். நாளெல்லாம் போட்டோவும் முகமும் பார்த்துப் பழகிய ஆள் நான், எனக்கா தெரியாது? இரண்டையும் கலர் பிரின்ட் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, 'நம்ம பிறையம்மா மறுபடி வந்தாச்சு' என்று குழுவில் போட்டேன். கைதட்டல் பொம்மையாக வந்து கொட்டியது.

விலங்கியல் படிக்கும் பெண் ஒருத்தி, இருபது வயதிருக்கும், ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அண்ணா, பக்கத் தகடு எண்ணினீங்களா?"

ஆமை ஓட்டின் நடுமுதுகு வரிசைக்கு இரு பக்கமும் தகடுகள் இருக்கும். பேராமைக்குப் பக்கத்துக்கு நாலு. பங்குனி ஆமைக்கு ஐந்திலிருந்து ஒன்பது வரை எத்தனையும் இருக்கலாம், இடமும் வலமும் ஒத்துப்போக வேண்டும் என்றுகூட இல்லை. ஆனால் குஞ்சாக இருக்கும்போது எத்தனையோ, கிழடானாலும் அத்தனைதான். பூதக்கண்ணாடியை எடுத்து எண்ணினேன். முதல் படத்தில் வலம் ஆறு, இடம் ஆறு. இரண்டாவதில் வலம் ஆறு, இடம்... கொட்டலசு (ஓட்டில் ஒட்டி வாழும் சின்னக் கடல் உயிர்) ஒட்டிக்கொண்டிருப்பதால் கோடு அப்படித் தெரிகிறது என்று மனசுக்குள் கொஞ்ச நேரம் வாதாடிப் பார்த்தேன். மறுபடி எண்ணினேன். ஏழு.

குழுவில் தப்பை ஒத்துக்கொண்டு எழுத ஒரு மணி நேரம் பிடித்தது. எங்களோடு நடக்கும் மீனவப் பெரியவர் மட்டும், "ரெண்டையும் ஒரே படகு இடிச்சிருக்கும், விடு தம்பி" என்றார். இப்போது நோட்டில் வலம், இடம் என்று புதுசாக இரண்டு கட்டம் போட்டிருக்கிறேன்.

பிரின்ட் இரண்டும் கடை மேசைக் கண்ணாடிக்கு அடியிலேயே கிடக்கின்றன. நேற்று ரேஷன் கார்டு நகல் எடுக்க வந்தவர் குனிந்து பார்த்துவிட்டு, "இதுல எது ஒரிஜினல், எது ஜெராக்ஸ்?" என்று கேட்டார்.