ஆடிக் காற்றும் ஏவுதளமும்

ஜூலை 16

சிங்கப்பூரில் விடியற்காலையில் சுமத்ரா காற்று, மேற்கிலிருந்து திடீரென்று வரும் சூறை. டார்ம் ஜன்னல் தடதடத்ததில் எல்லோரும் எழுந்துவிட்டோம். கட்டுமான சைட்டுக்குள் நுழைந்ததும் அண்ணாந்து டவர் கிரேனைத்தான் பார்த்தேன். நேற்று தெற்கே நீட்டியிருந்த கை, கிழக்கே திரும்பி நின்றது. "பிரேக்கை விட்டுட்டுத்தான் இறங்குனேன் தம்பி, காத்து போற பக்கம் அதுவும் போகட்டும்" என்றார் ஆபரேட்டர் அண்ணன். பூட்டியிருந்தால் காற்று முழுவதையும் கை பக்கவாட்டில் வாங்கியிருக்கும்.

ஜூலை 18

அம்மா போன். "ஆடி பொறந்துட்டு. வீடெல்லாம் தேரி மண்ணுதான்." தேரி என்றால் எங்கள் பக்கத்துச் செம்மணல் மேடு. எங்கள் ஊர் உடன்குடிப் பக்கம், குலசை என்கிற குலசேகரப்பட்டினம் கிட்டத்தில்தான். 2024 பிப்ரவரி 28 அன்று அங்கே இஸ்ரோ ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியதிலிருந்து எனக்கு ஒரே யோசனை. அம்மியே நகரும் காற்றில் ராக்கெட்டை எப்படி நிறுத்துவார்கள்? கிரேன் மாதிரி சுற்ற விட முடியாதே.

ஜூலை 21

லீவு. மத்தியானம் வரை இதைத்தான் படித்தேன்.

உருளையைக் காற்று கடக்கும்போது அதன் பின்னால் இடமும் வலமுமாக மாறி மாறிச் சுழல்கள் கழலும். ஒவ்வொன்றும் உருளையைப் பக்கவாட்டில் இழுக்கும். நிலவுக்கு மனிதர்களை அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட்டின் அடிப்பகுதி 10 மீட்டர் அகலம்; வினாடிக்கு 10 மீட்டர் காற்றென்றால் ஏறக்குறைய 5 வினாடிக்கு ஒரு ஆட்டம். ராக்கெட்டின் சொந்த ஆட்டமும் அதே தாளத்தில் இருந்துவிட்டால், வேளை பார்த்துத் தள்ளும் ஊஞ்சல் போல ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் அதன் உச்சியைக் கோபுரத்தோடு இணைத்து, அதிர்வை வாங்கிக்கொள்ள ஒரு கை வைத்தார்கள். புகைபோக்கிகளில் திருகுமரை போலச் சுற்றிவரும் பட்டையும் சுழல்களைக் கலைக்கத்தான்.

2022 நவம்பரில் நிக்கோல் புயலின்போது நாசாவின் ஆர்ட்டெமிஸ் 1 ராக்கெட் அமெரிக்காவின் கென்னடி ஏவுதளத்திலேயே நின்றது. 18 மீட்டர் உயரத்தில் மணிக்கு 137 கிலோமீட்டர் காற்று வரை தாங்கும், அடித்தது 132. படிக்கும்போதே வயிற்றைக் கலக்கியது. ஆறு நாளில் நிலவுக்குப் புறப்பட்டுவிட்டது!

எனக்குப் பிடித்தது ஸ்ரீஹரிகோட்டா வழி. முதல் ஏவுதளத்தில் ராக்கெட்டைச் சுற்றி நிற்கும் பெரிய கோபுரமே ஏவுவதற்கு முன் நகர்ந்து விலகும். 2015 டிசம்பரில் சிங்கப்பூரின் டெலியோஸ்-1 செயற்கைக்கோள் போனதும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான். குலசையிலும் கடற்காற்றோடு தேரி மணலையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஜூலை 24

கிரேன் கையில் கட்டிய பேனரை இறக்கச் சொல்லி மறுபடி கேட்டேன். கம்பிச் சட்டத்துக்குள் காற்று புகுந்து போய்விடும். பேனர் கட்டினால் அது பாய்மரப் பாய். காற்று இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. கை தானாகத் திரும்புவதும் கெடும். இன்று சரி என்றார்கள்.

மூன்று பேராக மடித்தோம். மேல் ஓரத்தில் கயிறு கோத்த ஆறு வளையங்களில் நான்கு ஏற்கெனவே கிழிந்திருந்தன.